மங்கிய முகப்பு விளக்கு: மாற்றுவதற்கு முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

மாணவர்களே, நாளை பள்ளிக்குப் போகும்போது ஆசிரியர்கள் கார் நிறுத்தும் இடத்தைச் சற்றுக் கவனியுங்கள். புதிய கார்களின் முகப்பு விளக்குகள் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய கார்களின் விளக்குகளோ மஞ்சள் படிந்து, கண்ணில் புரை விழுந்ததுபோல் மங்கியிருக்கும். உங்கள் வீட்டுக் காரும் அப்படி இருக்கலாம்.

"லைட் சரியாக அடிக்கவில்லை, பல்பை மாற்றினால் போதும்" என்று ஒருவர் சொல்வார். "விளக்கையே மொத்தமாக மாற்று" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் பணம் வேண்டும். முதல் யோசனை பல நேரங்களில் பயன் தராது. இரண்டாவது பல நேரங்களில் தேவையே இல்லை. வெளிச்சம் எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், எதற்குச் செலவு செய்வது என்பது தானாகத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க உங்கள் பள்ளி அறிவியலே போதும்.

இருட்டில் எத்தனை மீட்டர் தெரிகிறது?

ஜொகூரில் நகரத்தைத் தாண்டினால் தெருவிளக்கு இல்லாத சாலைகள் நிறைய. குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையையும், கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போகும் சாலையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் செம்பனையும் காடும்தான். யானை கடக்கும் இடம் என்று எச்சரிக்கைப் பலகை நிற்கும். தாபிர் என்னும் தும்பிப்பன்றியும் அங்கே சாலையைக் கடக்கும். அதன் உடல் முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை. இருட்டில் அதன் முழு உருவமும் கண்ணுக்குப் பிடிபடாது. தோட்டத்துச் சாலையில் பின்விளக்கு இல்லாத மோட்டார் சைக்கிளில் போகிறவரும் அப்படித்தான்.

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் மங்கிய விளக்குகளைச் சோதித்தது. புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் 22 விழுக்காட்டை மட்டுமே அவை தந்தன. அப்படியென்றால் முன்பு தெரிந்த தூரத்தில் 22 விழுக்காடுதான் இப்போது தெரியுமா? இல்லை. இங்கே ஒரு சிறு கணக்கு இருக்கிறது.

விளக்கிலிருந்து விலக விலக ஒளி பரவிக்கொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால், ஒரு பொருளின்மேல் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. தூரம் மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. இதைத் திருப்பிப் போடுங்கள். விளக்கின் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், நாம் காணும் தூரம் பாதியாகக் குறையும். அதாவது வெளிச்சத்தின் பங்கிற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.22-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 0.47.

தெளிவான விளக்கில், கறுப்புச் சட்டை போட்டு நடந்து போகிற ஒருவர் 60 மீட்டரில் தெரிகிறார் என்று வைத்துக்கொள்வோம். மங்கிய விளக்கில் அவர் 28 மீட்டரில்தான் தெரிவார்.

இப்போது கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. ஒரு நொடிக்கு 16.7 மீட்டர். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் கார் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் சுமார் 20 மீட்டர் வேண்டும். மொத்தம் 45 மீட்டர். தெளிவான விளக்கு என்றால் 15 மீட்டர் மிச்சம் வைத்துக் கார் நின்றுவிடும். மங்கிய விளக்கு என்றால், கால் பிரேக்கைத் தொடும்போதே அவருக்கும் காருக்கும் இடையில் 3 மீட்டர்தான் இருக்கும்.

அது கண்ணாடி அல்ல

விளக்கின் முன்னால் இருப்பதை நாம் 'லைட் கண்ணாடி' என்கிறோம். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் அது உண்மையிலேயே கண்ணாடிதான். எத்தனை வெயில் அடித்தாலும் கண்ணாடி மஞ்சளாகாது. ஆனால் கல் பட்டால் உடையும், எடையும் அதிகம். பின்னாளில் கார் நிறுவனங்கள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறின. 1953-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமலே உருவாக்கிய பொருள் இது. கண்ணாடியின் எடையில் ஏறத்தாழ பாதிதான். கல் பட்டால் எளிதில் உடையாது. எந்த வளைவிலும் வார்க்கலாம். 2005-இல் வெளிவந்த பெரோடுவா மைவியின் விளக்கு வளைந்து பக்கவாட்டில் ஓடுகிறதே, அந்த வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது எளிது.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு பகை உண்டு. அதுதான் சூரியனின் புற ஊதாக் கதிர். இந்தக் கதிர்களின் ஆற்றல் பாலிகார்பனேட் மூலக்கூறின் பிணைப்புகளை அறுக்கப் போதுமானது. அறுந்த இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து புதிய சேர்மங்கள் உண்டாகின்றன. அவை நீல ஒளியை உறிஞ்சுவதால் மூடி மஞ்சளாகத் தெரிகிறது. மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகளும் தோன்றுகின்றன. அவை ஒளியைக் கண்டபடி சிதறடிப்பதால் மூடி வெள்ளையாக மங்குகிறது.

இதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையில் மூடியின்மேல் கெட்டியான மெல்லிய பாதுகாப்புப் பூச்சு பூசுகிறார்கள். சாலை மணலும் வெயிலும் அந்தப் பூச்சை ஆண்டுக்கணக்கில் அரிக்கின்றன. ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. இங்கே குளிர்காலம் என்ற ஓய்வே அந்த மூடிக்குக் கிடையாது.

வெளிச்சம் தொலையும் மூன்று இடங்கள்

விளக்குக்குள் ஒளி மூன்று கட்டங்களைக் கடக்கிறது. பல்பு ஒளியைத் தருகிறது. பின்னாலிருக்கும் பளபளப்பான பிரதிபலிப்பான் அதைச் சேர்த்து முன்னால் அனுப்புகிறது. மூடி அதை வெளியே விடுகிறது. மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் பல்பும் கம்பியும். பழைய கார்களில் பெரும்பாலும் ஹாலஜன் பல்புதான். இதற்கு ஒரு குணம் உண்டு. மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். 10 விழுக்காடு மின்னழுத்தம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். பல்பைச் செருகும் இடத்திலோ எர்த் கம்பியிலோ களிம்பு ஏறியிருந்தால் இதுதான் நடக்கிறது. அந்த இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். செலவு மிகக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் மங்கலாக எரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான்.

இரண்டாவது பிரதிபலிப்பான். விளக்கை அணைத்து, அது ஆறிய பிறகு கைவிளக்கை மூடியின் வழியாக உள்ளே அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின்மேல் மிக மெல்லியதாகப் படிய வைத்த அலுமினியம்தான் அங்கே கண்ணாடியாக வேலை செய்கிறது. அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பளபளத்தால் நல்லது. கருகியோ உரிந்தோ சாம்பல் பூத்தோ இருந்தால், மூடியை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. விளக்கை முழுதாக மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது மூடி. இதற்குத்தான் தலைப்பில் சொன்ன தண்ணீர். விளக்கு அணைந்து ஆறியிருக்கும்போது மங்கிய மூடியின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்வரை மூடி தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால், மங்கல் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது. தேய்த்தால் சரியாகிவிடும். தண்ணீர் ஊற்றியும் மாற்றமே இல்லை என்றால், மங்கல் உட்பக்கத்திலோ பிளாஸ்டிக்கின் ஆழத்திலோ இருக்கிறது. தேய்ப்பது வீண்வேலை.

தண்ணீருக்கு எப்படி இது தெரிகிறது? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வளைகிறது. எவ்வளவு வளைகிறது என்பது இரண்டின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது. காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு 1.58. கீறல்களில் காற்று இருக்கும்போது வேறுபாடு அதிகம், ஒளி சிதறுகிறது. தண்ணீர் நிரம்பினால் வேறுபாடு குறைகிறது, சிதறலும் குறைகிறது. மழை பெய்தபின் பழைய காரின் விளக்கு புதியதுபோல் தெரிவதும் இதனால்தான்.

தேய்த்துத் தெளிய வைத்தல்

தண்ணீர்ச் சோதனையில் தேறிய விளக்குக்கு மலிவான வழி இது. பெரியவர் ஒருவர் உடனிருக்க, நிழலான இடத்தில் செய்யுங்கள்.

விளக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். சுற்றியுள்ள பெயிண்டின்மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை 1000 எண்ணில் தொடங்கி, 2000, 3000 என்று வரிசையாகப் பயன்படுத்துங்கள். மஞ்சள் மிகத் தடிப்பாக இருந்தால் மட்டும் 800-இல் தொடங்கலாம். தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். தூசி பறக்காது, பிளாஸ்டிக்கும் சூடேறாது. வடியும் தண்ணீர் மஞ்சள் கலந்த பால்போல் இருக்கும். அதுதான் வெயிலில் கெட்டுப்போன படலம்.

ஏன் இத்தனை உப்புத்தாள்? 1000 எண் தாளின் மணல் ஏறத்தாழ 18 மைக்ரோமீட்டர், 2000 எண் தாளின் மணல் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கீறலை எடுத்துவிட்டு, அதைவிடச் சிறிய கீறலைப் போடுகிறது. நாம் காணும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர்வரைதான். கீறல்கள் அந்த அளவை நெருங்கிச் சிறுத்தால்தான் சிதறல் நிற்கும். இந்த உப்புத்தாள்கள் அவ்வளவு நுண்ணியவை அல்ல. அதனால்தான் கடைசியில் பாலிஷ் பசை தேவைப்படுகிறது.

இத்துடன் நிறுத்திவிட்டால் பட்ட பாடு வீண். தேய்க்கும்போது மிச்சமிருந்த பாதுகாப்புப் பூச்சும் போய்விட்டது. வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நின்றால் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சை, துடைத்துக் காயவைத்த மூடியின்மேல் மெல்லிய அடுக்குகளாக அடிக்க வேண்டும். காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து, பெரியவர்தான் அடிக்க வேண்டும். இந்தப் பூச்சு மிச்சமிருக்கும் நுண்கீறல்களையும் நிரப்பிவிடும். தண்ணீர் செய்த அதே வேலைதான், ஆனால் இது காய்ந்த பிறகும் நிலைக்கும்.

பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று காணொலிகளில் பார்த்திருப்பீர்கள். பற்பசையும் ஒருவகை மெல்லிய உப்புத்தாள்தான். தேய்க்கும், ஆனால் பாதுகாப்புப் பூச்சைத் தராது. கொசு விரட்டி மருந்தை அடித்துத் துடைப்பது அதைவிட மோசம். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிவிடும். அந்த நேரத்தில் தெளிந்ததுபோல் தோன்றினாலும் மூடி கெட்டுப்போகும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பிரதிபலிப்பான் உரிந்திருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால், மூடி வெடித்திருந்தால் விளக்கை மாற்ற வேண்டும். நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு: கார் நிறுவனத்தின் ஒரிஜினல் பாகம், வேறு நிறுவனம் அதே வடிவில் செய்த மாற்றுப் பாகம், ஹாப்-கட் கடையில் கிடைக்கும் பழைய பாகம்.

ஏ.ஏ.ஏ. ஆய்வில், ஒரிஜினல் விளக்கு வெளிச்சத்தை 100 விழுக்காட்டுக்கு மீட்டது. மாற்றுப் பாகங்கள் 83 முதல் 90 விழுக்காடுவரை தந்தன. ஆனால் ஒளிச்செறிவிலும் குறியிலும் தவறும் வாய்ப்பு அவற்றில் அதிகமாக இருந்தது. தேய்த்துத் தெளியவைத்த விளக்குகள் ஏறத்தாழ 70 விழுக்காடு தந்தன.

வர்க்கமூலக் கணக்கை இங்கேயும் போடுங்கள். 60 மீட்டர் தெரிந்த இடத்தில், மங்கிய விளக்கில் 28 மீட்டர். தேய்த்த விளக்கில் 50 மீட்டர். மாற்றுப் பாகத்தில் 55 முதல் 57 மீட்டர். ஒரிஜினலில் 60 மீட்டர். 28-லிருந்து 50-க்குப் போகும் 22 மீட்டர்தான் மிகப் பெரிய தாவல். அது மிகக் குறைந்த செலவில் கிடைக்கிறது. கையில் பணம் குறைவாக இருக்கும் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி.

ஹாப்-கட் கடையில் ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள் நிறைய இருக்கும். ஜப்பானிலும் நம்மைப்போல் சாலையின் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். இது முக்கியம். தாழ்விளக்கின் ஒளி இடப்பக்கம் சற்று உயர்ந்தும், எதிரே கார் வரும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்கும்படி நம் விளக்குகள் அமைந்துள்ளன. வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கைப் பொருத்தினால் எதிரே வருபவரின் கண் கூசும். ஐரோப்பியத் தர விதிப்படி செய்த விளக்கானால் மூடியின்மேல் அடையாளங்கள் இருக்கும். விளக்கைப் பார்த்து நிற்பவரின் வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி, அது இடப்பக்கச் சாலைக்கானது என்று சொல்கிறது. வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில 'ஈ' எழுத்தும் எண்ணும் ஒப்புதல் தந்த நாட்டைக் காட்டும். 52 மலேசியா, 43 ஜப்பான். பழைய விளக்கை வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். உள்ளே பிரதிபலிப்பான் பளபளக்கிறதா, பின்னால் பொருத்தும் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

மங்கிய மூடியை வைத்துக்கொண்டு அதிக ஒளி தரும் பல்பை மட்டும் போடுவது தவறான வழி. மங்கிய மூடி ஒளியைச் சிதறடிக்கிறது. ஒளியைக் கூட்டினால் சிதறலும் கூடும். சாலையில் போக வேண்டியது எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். ஹாலஜனுக்காக வடிவமைத்த விளக்கில் எச்.ஐ.டி. பல்பைப் பொருத்தினாலும் இதே கதைதான். அப்படி மாற்றிப் பொருத்துவது நம் நாட்டில் சட்டப்படி குற்றம்.

குறி தவறினால் எல்லாம் போச்சு

விளக்கைக் கழற்றி மாட்டினால் அதன் குறியைச் சரிபார்க்க வேண்டும். தாழ்விளக்கின் ஒளி 10 மீட்டர் தூரத்தில் சுமார் 10 செ.மீ. கீழே இறங்க வேண்டும். விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்த ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். குறி இன்னும் ஒரே ஒரு பாகை கீழே சாய்ந்தால்? 24 மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். புதிய விளக்குக்குக் கொடுத்த பணம் முழுதும் காருக்கு முன்னாலிருக்கும் தார்ச்சாலையை அலங்கரிக்கத்தான் உதவும். ஒரு பாகை மேலே போனாலோ எதிரே வருபவர் ஒன்றும் தெரியாமல் தடுமாறுவார். பட்டறையில் விளக்கை மாற்றும்போது, "குறியையும் பார்த்துவிடுங்கள் அங்கிள்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

இந்த வாரச் செயல்பாடு

கைப்பேசியில் ஒளியளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். இரவில் காரை ஒரு சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். கை பிரேக் போட்டிருக்கட்டும். ஒரு விளக்கைத் துணியால் மறைக்காமல், அட்டையைத் தள்ளிப் பிடித்து மறையுங்கள். துணி விளக்கின் சூட்டில் கருகிவிடலாம். சுவரில் வெளிச்சம் மிக அதிகமாக விழும் இடத்தில் கைப்பேசியை வைத்து எண்ணைக் குறியுங்கள். அடுத்த விளக்குக்கும் அதேபோல் செய்யுங்கள். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். மங்கிய பக்கம் எவ்வளவு தூரத்தை இழந்திருக்கிறது என்று தெரியும். கைப்பேசி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே கைப்பேசியில் ஒரே தூரத்தில் எடுத்த இரண்டு எண்களின் விகிதம்தான் நமக்கு வேண்டும்.

பிறகு ஒரு தாளில் நான்கு வரிசை போடுங்கள்: இணைப்பைச் சுத்தம் செய்தல், தேய்த்துப் பூச்சடித்தல், மாற்றுப் பாகம், ஹாப்-கட். பக்கத்திலுள்ள மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதுங்கள். எந்த வழி ஒரு ரிங்கிட்டுக்கு அதிக மீட்டர் தருகிறது என்று கணக்கிட்டு அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்டுங்கள்.

விளக்கு நன்றாகவே இருக்கும் வீடுகளுக்கும் ஒரு வேலை உண்டு. காரை நிறுத்தும்போது முன்பக்கம் நிழலுக்குள் இருக்கும்படி விடச் சொல்லுங்கள். நிழலே இல்லாத இடமானால் கிழக்கையும் மேற்கையும் தவிர்த்து வடக்கு அல்லது தெற்கு நோக்கி நிறுத்தலாம். காலை வெயிலும் மாலை வெயிலும் நேராக விளக்கில் விழாது. இதற்கு ஒரு சென்கூடச் செலவில்லை.